மூணாம் ஷிப்ட்டுக்கு ஒரு ஒன்ஸ் மோர்

கரண்ட் போய்விட்டது.

மடவார் வளாகத்துக் கோவில் திருவிழா. பொழுது அடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தட்டி கட்டிய மேடையில் மூன்று பேர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். ட்யூப் லைட்டும் சீரியல் பல்பும் ஒரே மூச்சில் அணைந்தன. கிட்டார் சத்தம் பாதியில் அறுந்து விழுந்தது. டிரம்ஸ் மட்டும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி திகைத்து நின்றது.

இருட்டானால் ஜனம் ஓவென்று கத்தும். அன்றைக்கு ஏனோ யாரும் கத்தவில்லை. பொரிகடலைப் பொட்டலம் நசுங்குகிற சத்தம். எங்கோ ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல். எனக்கு முன்னால் இருந்தவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவின் வாசனை. அவ்வளவுதான்.

அந்த அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“ஒன்ஸ் மோர்!”

கணீரென்று வெண்கலக் கும்பாவைத் தட்டின மாதிரி இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதல் தடவையே முடியவில்லை, அதற்குள் ஒன்ஸ் மோரா?

அந்தக் குரல் என்னுடையது. இதை இத்தனை வருஷத்தில் நானாக யாரிடமும் சொன்னதில்லை.

டப்பாவை நீட்டுகிறவள்

‘எழுத்தில் இம்புட்டுப் பேசுகிறீர்களே, நேரில் எப்படி?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நேரில் ஒன்றுமே கிடையாது தாயி.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிடும்போது எனக்காகப் பக்கத்துப் பிள்ளைதான் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகு, கடைக்குப் போனால் காலி டப்பாவைக் கொண்டுபோய் நீட்டுவேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, “மல்லியா தாயி?” என்பார். தலையை ஆட்டுவேன். சீரக டப்பாவில் ஒரு தடவை என் கொழுந்தன் மகன் பல்பொடி போட்டு வைத்திருந்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசத்துக்குச் சீரகம் இல்லை, பல்பொடி மட்டும் இரண்டு பொட்டலம்.

எனக்கு வாய்த்தவரோ மாங்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் குவிந்து கிடக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ‘ஒரு தரம்…’ என்று இழுத்தால் பழைய பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

“எங்க வீட்டுல அவளுக்குள்ள பங்கையும் சேத்து நாந்தான் கத்துதேன்” என்று எல்லாரிடமும் சொல்வார்.

அவருக்கு நான் சொல்லப்போகும் குழுவைக் கண்டாலே ஆகாது. “டம்மு டம்முன்னு… மில்லுல கேக்குற சத்தம் பத்தலன்னா மேட வேற போட்டுக் கேக்குதீங்க?” என்பார். ஆனாலும் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஆண்கள் பக்கம் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு, வேப்பங்காயைத் தின்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்.

பஞ்சு குடோனில் பிறந்த சத்தம்

அந்தக் குழுவின் பெயர் ‘மூணாம் ஷிப்ட்’. எண்பதுகளில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இளவட்டமாக இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள், மீதிப் பேர் காதைத் துடைப்பார்கள்.

சாம்சன் லீட் கிட்டார். மாடசாமி பேஸ் கிட்டார். சீனிராஜா டிரம்ஸ். மூவருக்கும் ஒரே நூல் மில்லில் வேலை. ஆளுக்கொரு ஷிப்டில் மாட்டிக்கொண்டு அலைவார்கள். மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல மூணாவதான ராத்திரி ஷிப்ட் விழுகிற வாரம்தான் பகலில் ஒன்றாக வாசிக்க முடியும். பெயர் அப்படி வந்தது. தூங்க வேண்டிய நேரத்தில் வாசித்ததால்தான் அவர்கள் பாட்டில் ஒரு கிறக்கம் இருக்கும் என்பது எங்கள் ரசிகர் கூட்டத்தின் முடிவு.

ஆரம்பம் ஒரு கேசட். சாம்சனின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் வெள்ளைக்காரர்கள் சிலர் போட்ட சத்தம் இருந்தது. லேபிள் உரிந்துபோயிருந்தது. அவர்கள் யார், எந்த ஊர் என்று கடைசி வரை சாம்சனுக்குத் தெரியாது.

“இம்புட்டுச் சத்தத்துக்குள்ள பதறாம வாசிக்கானுகன்னா, அவனுகளும் மில்லு வேலைக்காரனுகளாத்தாம்லே இருக்கணும்” என்று சொன்னாராம். அந்த நம்பிக்கையில்தான் இவர்களும் இறங்கினார்கள்.

சீனிராஜாவின் பெரியப்பாவுக்குப் பஞ்சு குடோன் ஒன்று இருந்தது. வாசித்துப் பழகினது அங்கேதான். சுற்றிலும் கூரை வரை பஞ்சுப் பொதி. எவ்வளவு வாசித்தாலும் பொதி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். ‘பத்தல, இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு’ என்று, மாடசாமி தன் கையால் செய்திருந்த ஆம்ப் பெட்டியில் மூன்று பேரும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தங்கள் சத்தம் எம்புட்டு என்று அவர்களுக்கே தெரியாது.

முதல் கச்சேரி ஒரு சர்ச் திருவிழாவில். முதல் தட்டிலேயே கோபுரத்துப் புறா மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்த நாய் ஒன்று சங்கிலியோடு பிய்த்துக்கொண்டு ஓட, சேத்தூர்ப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பது வரலாறு. ராஜபாளையம் நாயே பயந்து ஓடிய ஒரே சம்பவம் அதுதான்.

சீனிராஜா கையில் குச்சியோடு வெலவெலத்துப்போய், “இதி மனமேனா?” என்றாராம். ‘இது நாமளேதானா?’ என்று தெலுங்கில் கேட்டது மைக்கில் கேட்டுவிட்டது. அதற்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டல்.

அவர் தாளம் எண்ணுவதும் தெலுங்கில்தான். “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு!” என்று குச்சியைக் குச்சியில் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் டிரம்ஸில் இறங்குவார். எங்கள் தெருப் பிள்ளைகள் கிணற்றில் குதிக்கும்போதுகூட ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ சொல்லித்தான் குதிக்கும்.

கட்டை விரல் கட்டு

மில்லில் சாம்சனுக்கு வலது கட்டை விரலில் ஒரு வெட்டு. அதற்குப் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கச்சேரியில் வாசித்தார். அடுத்த கச்சேரியில் முன்வரிசைப் பையன்கள் எல்லாருக்கும் வலது கட்டை விரலில் வெள்ளைக் கட்டு. அதற்கப்புறம் சாம்சனும் கட்டு இல்லாமல் மேடை ஏறியதில்லை.

அந்த வருஷம் ராஜபாளையத்தில் கட்டு இல்லாத கட்டை விரல் கொஞ்சம்தான். டாக்டர் ஒருத்தர், ‘நெசமாவே காயம்பட்டவன் மட்டும் உள்ள வாங்கலே’ என்று வாசலில் வந்து கத்தினாராம்.

எனக்கு அப்போது பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்றும் வேலை. கைப்பிடியைச் சுழற்றினால் மெல்லிய வெள்ளைத் துணி உருண்டு உருண்டு ரோலாகும். நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவோம். ‘இந்த ரோலில் ஒரு முழம் அந்த விரலுக்குப் போகும்’ என்று நினைத்துக்கொண்டு சுற்றுவேன். கை தானாக இறுகிவிடும்.

பக்கத்தில் பாக்கியக்கா. அவளுக்கு எதுவும் தப்பாது.

“ஏட்டி சொர்ணம், ஒன் ரோலு மட்டும் ஏன் கல்லு மாதிரி வருது? அந்த மனுசன் வெரலு மூச்சு விட வேண்டாமா?”

எல்லாரும் சிரிப்பார்கள். நான் இன்னும் வேகமாகச் சுற்றுவேன்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். சாம்சன் பெரிய அழகன் கிடையாது. முன்பல் இரண்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மேடையில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். என் ஆசை ஆள் மேல் இல்லை. அந்த விரல் பட்டால் எழும்புகிற ஒரு மெட்டு மேல்.

அருவியா, தேரா, மில்லா?

கச்சேரி முழுக்க எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை வாசிப்பார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று சொந்த மெட்டு. அதற்குப் பெயர் இல்லை. பாட்டு வரியும் இல்லை.

அது என்னவென்பதில் இரண்டு ஊருக்கும் தீராத சண்டை. அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டு வரும்போது சாம்சனுக்குத் தோன்றியது என்பார்கள் ராஜபாளையத்துக்காரர்கள். கிடையவே கிடையாது, ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசைகிற சத்தம் என்பார்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில். மில்லில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் ஓட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் கேட்குமாம். அதுதான் அது என்பார்கள்.

சாம்சனிடமே கேட்டதற்கு, “நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்” என்றாராம்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் மாடசாமியின் பேஸ் அடியில் மெல்ல நடக்கும். கிட்டார் அதன் மேல் ஏறும். ஒரு வளைவு. பிறகு எதையோ சொல்ல வந்து மறந்துவிட்ட மாதிரி நின்றுவிடும். அப்புறம் இரண்டாவதாக ஒரு வளைவு வளைந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கும்.

ஒரு வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாமலே ஒருத்தர் இம்புட்டுச் சொல்லிவிடலாம் என்றால், என்னை மாதிரி ஆளுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று தோன்றும். அம்மா இறந்தபோது வாய்விட்டு அழ வராமல் நான் முழித்துக்கொண்டு நின்றதை எல்லாரும் கல்நெஞ்சு என்றார்கள். அந்த இரண்டாவது வளைவைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பாக்கியக்கா எழுந்து நின்றாள்

அன்றைக்கு மடவார் வளாகத்தில் கரண்ட் போனது அந்த மெட்டின் நடுவில்தான். முதல் வளைவு முடிந்து, கிட்டார் நிற்கிற இடத்தில். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதன்பின் என் வாயிலிருந்து வந்தது என் யோசனையில் வந்ததில்லை. முகம் தெரியாத இருட்டு, அது கொடுத்த தைரியம்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. ஆண்கள் பக்கம் மொத்தமும் கழுத்தை நீட்டிப் பெண்கள் பக்கம் பார்த்தது.

“யாருலே அது கத்துனது?”

நான் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த பாக்கியக்கா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிமிஷம் சேலையை உதறிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நாந்தாங் கத்துனேன். என்ன இப்போ? கேக்கக் கூடாதா?”

விசில் பறந்தது. சாம்சன் மைக் பக்கம் வந்தார்.

“அக்கா, நாங்க இன்னைய வரைக்கும் எங்கயும் ஒன்ஸ் மோர் வாங்குனதில்ல. கரண்டு போனா ஜனம் எந்திரிச்சுப் போயிரும்னுதான் பயந்துக்கிட்டு நின்னோம். நீங்க பாதிலயே கேட்டுட்டீங்க. மொதல்ல இருந்து வாசிக்கோம்.”

வாசித்தார்கள். இரண்டாவது வளைவு வந்தது.

திரும்பிப் போகும்போது பாக்கியக்கா என் காதோடு சொன்னாள்: “பயப்படாத. இனிமே அது என் கொரலு. நீ வழக்கம் போல டப்பாவ நீட்டு, போதும்.”

என் வீட்டுக்காரர் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

கேட்காமல் வாசிப்பதில்லை

குழுக்காரர்களுக்கு அது ராசியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். சொந்த மெட்டை அவர்களாக ஆரம்பிக்க மாட்டார்கள். எல்லாப் பாட்டும் முடிந்ததும் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்து நிற்பார்கள். அங்கிருந்து ஒரு பெண் குரல் ‘ஒன்ஸ் மோர்’ என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் ‘ஒகட்டி, ரெண்டு’. கேட்கவில்லையென்றால் அன்றைக்கு அந்த மெட்டு கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. இன்னும் ஒரு தடவைகூட வாசிக்காத பாட்டுக்கு எப்படி ஒன்ஸ் மோர் கேட்கிறார்கள் என்று முழிப்பார்கள். கூமாப்பட்டியில் ஒரு பெரியவர், “நாம வாரதுக்கு முன்னயே ஒரு தடவ வாசிச்சிட்டானுகளா? லேட்டாயிட்டே!” என்று மருமகனைத் திட்டினாராம்.

கேட்கிற உரிமை பாக்கியக்காவுக்கு. எந்த ஊர்க் கச்சேரியானாலும் அவளுக்கு முன்னால் இடம் போட்டு வைப்பார்கள். அவளும் தொண்டையைச் செருமி, இருமி, கூட்டத்தைக் காக்க வைத்துத்தான் கேட்பாள். வருஷம் போகப் போக, மடவார் வளாகத்தில் கத்தியது தான்தான் என்று அவளே நம்பிவிட்டாள். ஒரு தடவை என்னிடமே அந்தக் கதையைச் சொன்னாள். நானும் ‘அப்படியாக்கா?’ என்று கேட்டுக்கொண்டேன்.

எனக்கு வருத்தமே இல்லையா என்றால், இருந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் என் தொண்டைக்குள் ஒன்று எழும்பி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். ஆனால் மெட்டு கிடைத்துவிடுகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆயுத பூஜை

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் வந்தது. கீபோர்டு என்று ஒரு பெட்டி வந்தது. அதிலேயே டிரம்ஸ், அதிலேயே கிட்டார். ஒரே ஆள் வந்து பெட்டியை விரித்தால் கச்சேரி முடிந்தது. சீனிராஜாவுக்கு முட்டி வலி. பாக்கியக்கா மகனோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் கேள்விப்பட்டோம். சாம்சனுக்கு மஸ்கட்டில் வேலை, தீபாவளி கழிந்து புறப்படுகிறார். எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு வாசிப்பதுதான் மூணாம் ஷிப்ட்டின் கடைசிக் கச்சேரி.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. நான் சுற்றுகிற கைப்பிடிக்கும் ஒரு பொட்டு உண்டு. கம்பெனி முற்றத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்ததும் கூட்டம் கரைய ஆரம்பித்தது. டிவியில் ஏதோ படமாம். மலைப் பக்கம் மேகம் வேறு கறுத்து வந்தது.

நாலைந்து பாட்டு போனது. பெண்கள் பக்கத்தில் கடைசியில் நானும், மடியில் பிள்ளையோடு தூங்கிவிழுந்த ஒருத்தியும்தான் மிச்சம்.

சாம்சனைப் பார்த்தேன். வலது கட்டை விரலில் கட்டு இல்லை. அந்த வெட்டு எப்போதோ ஆறியிருக்கும். இத்தனை வருஷமும் எங்களுக்காகத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இன்றைக்குக் கட்ட மனமில்லை போல.

“கடைசியா ஒண்ணு இருக்கு” என்றார் மைக்கில். “அது எங்க கையில இல்ல. ஒங்களுக்கே தெரியும்.”

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தார்கள்.

இனிமேல் இந்த மெட்டு எங்கும் கேட்காது. நான் கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் இல்லை. இது எனக்கு அந்தப் பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இருட்டு இல்லை. பக்கத்தில் பாக்கியக்கா இல்லை. நீட்டுவதற்கு ஒரு டப்பாகூடக் கையில் இல்லை.

சீனிராஜா பெருமூச்சு விட்டார். சிம்பலைப் பிடித்திருந்த திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஒரு கீச்சுக் குரல்.

“ஒன்ஸ் மோ…ர்!”

முற்றமே சிரித்தது. கத்தியது என் வீட்டுக்காரர். மாங்காய் மண்டியையே அதிரவைக்கிற மனுஷர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பொம்பளைக் குரலில் கத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, அது ஆம்பளக் கொரலு. செல்லாது” என்றார் சாம்சன்.

“ஏன் செல்லாது? வீட்டுக்காரிக்குப் பதிலா புருசன் கேக்கக் கூடாதோ? எங்க மண்டியில செல்லுதே!”

“அப்பொ வீட்டுக்கார அக்காவையே கேக்கச் சொல்லுங்க.”

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அவளுக்குத் தொண்ட கட்டியிருக்குப்பா” என்றார். “மடவார் வளாகத்துல கரண்டு போன அன்னைக்கி ஒரே ஒரு தடவ கத்துனா. அதுலருந்து கட்டியிருக்கு.”

யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது. இவருக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். என் குரலை எனக்கு வெளியே ஒருத்தர் இத்தனை காலமும் பத்திரமாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாது.

“ஒன்ஸ் மோர்.”

முன்னைப் போலக் கணீரென்று இல்லை. பாதி காற்றுதான். ஆனால் கூட்டம் இல்லாத முற்றத்தில் அது மேடை வரை போய்ச் சேர்ந்தது. சாம்சன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். சீனிராஜா கழற்றிய திருகை அவசரமாக மறுபடி முடுக்கினார்.

“ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு.”

முதல் வளைவு. நிற்கிற இடம். தூரத்தில் மழை வருகிற வாசனை. சந்தனம் பூசிய மிஷின்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டாவது வளைவு. அவ்வளவு நிதானமாக அவர்கள் அதை வாசித்து நான் கேட்டதில்லை.

முடிந்தது. கைதட்ட நாலு பேர்தான். சாம்சன் கிட்டாரைக் கழற்றவில்லை. கம்பி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் பக்கமே பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தைக்கு உள்ள நேரம். முழுதாக ஒரு தடவை வாசித்து முடித்தாயிற்று. இத்தனை வருஷமும் முன்னாலேயே கேட்ட ஒன்றை முறையாகக் கேட்க வேண்டிய இடம் அதுதான். என் வீட்டுக்காரரும் இந்தத் தடவை கத்தவில்லை. சும்மா என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

செத்த நேரம் கழித்து, சாம்சன் கிட்டார் வாரைத் தோளிலிருந்து கழற்றுகிற சத்தம் கேட்டது.

சைக்கிளில்

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் மிதிக்க, நான் பின்னால் கேரியரில் இருந்தேன். முகம் பார்க்காமல் பேச அது தோதான இடம்.

“எப்பொத் தெரியும் ஒங்களுக்கு?”

“கத்துன அன்னைக்கே.”

“இருட்டுல்லா?”

“ஊரே கத்துற எடத்துல எவன் கேட்டான்னு தெரிஞ்சாத்தானட்டி நான் ஏலம் விட முடியும்? பொண்டாட்டி கொரலு தெரியாதாக்கும்?”

“பொறவு ஏன் சொல்லல?”

“நீ சொல்லலையே.”

காந்தி சிலைப் பக்கம் திரும்பினோம். பிறகு அவரே கேட்டார்.

“வாசிச்சு முடிச்ச பொறவு ஏங் கேக்கல? அந்தப் பையன் ஒன்னத்தான பாத்துக்கிட்டு நின்னான்.”

“அவருக்குக் கை வலிக்கும்லா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு தரம், ரெண்டு தரம்னு நாங்க எதுக்கு அப்படி இழுக்கோம்னு நெனைக்க? ஆச இருக்கும், வாய் வராது, அப்படி ஒருத்தன் எப்பவும் மூலையில நிப்பான். அவனுக்காகத்தான். அந்தக் கிட்டார்ப் பையனும் ஒனக்காகத்தான் இழுத்தான் சொர்ணம். மூணாம் தரம் சொல்லிட்டா, பொறவு யாரு வந்து கேட்டாலும் கிடையாது.”

மழை வலுத்தது. துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினார். தலையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது

சாம்சன் திரும்பி வந்து கிட்டார் தொட்டதாக நான் கேள்விப்படவில்லை. அந்த மெட்டை யாரும் கேசட்டில் பிடித்து வைத்ததாகவும் தெரியவில்லை. ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் முன் சீட்டில் மாடசாமி உட்கார்ந்திருந்தார். நரைத்துப்போன பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டுவிடலாம், கேட்டுவிடலாம் என்று ஊர் வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது நானே முனகிப் பார்ப்பேன். முதல் வளைவு வருகிறது. நிற்கிற இடமும் வருகிறது. அதற்குப் பிறகு கரண்ட் போய்விடுகிறது.

என் வீட்டுக்காரரும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கடைசி நாட்களில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது. வீட்டில் நான் கொஞ்சம் பேசப் பழகினேன்.

மாங்காய்க் காலத்தில் மார்க்கெட்டுக்கு மண்டி வழியாகத்தான் போவேன். வேறு வழி கிட்டம்தான், ஆனாலும் இப்படித்தான் போவேன். இப்போது வேறு ஒருவர் ஏலம் கூறுகிறார். கையில் மைக் வைத்திருக்கிறார்.

“ஒரு தரம்…” என்று அவர் இழுக்கும்போது என் கால் நின்றுவிடும்.

“ரெண்டு தரம்…”

கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அவர் மூணாவதைச் சொல்லும் வரை அங்கேயே நிற்பேன்.